பன்னிரண்டாவது ஃபைல்

அண்ணனின் நீலச் சட்டையின் இடது கையை அவள் மூன்றாவது தடவையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவையிலேயே மடிப்பு நன்றாக விழுந்துவிட்டது. இருந்தும் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்க மனம் வரவில்லை. வைத்தால் கூடத்துக்குப் போகவேண்டும். கூடத்தில் அண்ணன் படுத்திருந்தான். காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கிடத்தினார்கள். அவனைச் சுற்றி இருபது வாடகை நாற்காலி. அதில் ஒன்றில் மாமா உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வீட்டைப் பத்தி யாரும் கவலைப்பட வேணாம். கடன் வாங்குனவன் போயிட்டா கடனும் அவனோட போச்சு. இப்பல்லாம் அப்படித்தான். மிச்சத்த இன்சூரன்ஸ்காரன் அடைச்சுருவான். அவனே என்கிட்ட சொல்லியிருக்கான், 'மாமா, நான் நாளைக்கே போனாலும் இவங்களுக்குக் கூரை இருக்கும்'னு. வாய் முகூர்த்தம் பாருங்க."

யாரோ ஒரு அம்மாள் பெருமூச்சு விட்டாள். "அந்த மட்டுக்கும் புண்ணியம்."

"அதுவுமில்லாம, பேப்பர் வேலைக்கு நாம வெளிய அலைய வேண்டாம். நம்ம வக்கீலம்மாவே இருக்கா. எல்லாத்தையும் அவதான் பாத்து முடிச்சா. அவ பாத்துக்குவா."

சுவருக்கு இந்தப் பக்கம் வக்கீலம்மா சட்டையின் வலது கைக்கு மாறினாள்.

அவள் சட்டம் படித்தவள் இல்லை. பள்ளிக்கூட வேனில் ஜன்னலோர சீட்டுக்காக டிரைவரிடம் அரைமணி நேரம் வாதாடியதற்கு அண்ணன் வைத்த பெயர் அது. அப்போது அவளுக்கு வயது எட்டு. இப்போது முப்பத்திரண்டு. வீட்டுக் கடன் ஏற்பாடு செய்து தரும் ஓர் ஆபீஸில் வேலை. வீடு வாங்க ஆசைப்பட்டு வருகிறவர்களின் சம்பளச் சீட்டையும் பத்திர நகலையும் வாங்கிக்கொண்டு, எந்த வங்கி கொடுக்கும், எந்தக் கம்பெனியில் வட்டி குறைவு என்று பார்த்து, படிவம் நிரப்பி, கையெழுத்து வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். சேர்த்த ஒவ்வொன்றுக்கும் ஆபீஸில் ஃபைல் என்று பெயர்.

அந்த வேலையில் அவள் கெட்டிக்காரி. எதிரே வந்து உட்காரும் புருஷன் பெண்டாட்டிகளுக்கு விரல் மடக்கிச் சொல்லிக்கொடுப்பாள். "வட்டிய மட்டும் பாத்து ஏமாறாதீங்க. எவன்கிட்ட வாங்கப்போறீங்களோ அவன்கிட்ட அஞ்சு கேள்வி கேளுங்க. ஆரம்பச் செலவு எவ்வளவு? வட்டி ஏறுமா, அப்படியே நிக்குமா? ஏறுனா முன்கூட்டியே சொல்வீங்களா? சீக்கிரம் அடைச்சா அபராதம் உண்டா? கடைசியா, சம்பாதிக்கிற ஆளு நடுவுல போயிட்டா வீடு என்ன ஆகும்?" கடைசிக் கேள்விக்குப் பெண்டாட்டிகள் முகம் சுளிப்பார்கள். "அச்சானியமா பேசுறேன்னு நெனைக்காதீங்க, இதுதான் முக்கியம்" என்பாள். ஊருக்குத்தான் உபதேசம்.

"சட்டை ஆச்சா?"

அண்ணி வாசலில் நின்றாள். நேற்று மதியத்திலிருந்து அவள் அழுது யாரும் பார்க்கவில்லை. அழுவதற்கு அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. ஆஸ்பத்திரியில் கையெழுத்து, வேனுக்கு ஏற்பாடு, பதினைந்து வயது மகளைச் சாப்பிட வைப்பது, மாமாவுக்குச் சர்க்கரை இல்லாமல் காப்பி என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தது.

"ஆச்சு அண்ணி."

அண்ணி சட்டையை வாங்கி உதறிப் பார்த்தாள். "கையில இவ்வளவு மடிப்பு வெச்சிருக்கியே. அவருக்குப் பிடிக்காது. வண்டி ஓட்டுறவனுக்குக் கையில எதுக்குக் கத்தின்னுவாரு." சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் அந்த மடிப்பை நீவி நீவிக் கலைத்தாள். அப்புறம், ஞாபகம் வந்தவள் போல, "லோன் பேப்பரெல்லாம் உன்கிட்டதானே இருக்கு? மாமா கேட்டாரு. அவசரமில்ல" என்றாள்.

"இருக்கு அண்ணி."

இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை, கதவு பாதி சாத்தித்தான் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். "சாக்ஸ் எந்த அலமாரியில இருக்கு?" என்று கேட்டு வைத்தாள்.

அண்ணி போனதும் குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டாள். குழாயைத் திறந்துவிட்டு ஆபீஸ் மேனேஜரைக் கூப்பிட்டாள். அவளுக்கு இன்னும் ஒரு நப்பாசை பாக்கி இருந்தது. அண்ணனுக்குக் கடன் கொடுத்த கம்பெனியின் லட்சணம் அவளுக்குத் தெரியும். கடன் வாங்குகிறவன் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இன்சூரன்ஸை அவன் தலையில் கட்டிவிடுவார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கே கட்டிவிட்டு, அவர்கள் வந்து சத்தம் போட்டு, அவளே எத்தனையோ பேருக்காகச் சண்டை பிடித்துத் திருப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அந்த அயோக்கியத்தனத்தை அண்ணனுக்கும் செய்திருக்கக் கூடாதா என்று நேற்றிலிருந்து வேண்டாத தெய்வமில்லை.

மேனேஜர் முதலில் துக்கம் விசாரித்தார். நல்ல மனிதர்தான், வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசினார். பிறகு கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இன்சூரன்ஸ் இல்லம்மா. 'வேண்டாம்'ல டிக் இருக்கே. ஸ்கேன் காப்பி இருக்கு இங்க. உங்க கையெழுத்து மாதிரிதான் தெரியுது, அந்த டிக்கு."

"அவங்களா எதுவும் சேர்க்கலயா சார்? எல்லாருக்கும் சேர்ப்பாங்களே."

"இதுல சேர்க்கலம்மா." கீபோர்டைத் தள்ளிவைக்கும் சத்தம் கேட்டது. "நீங்க மூணு நாள் லீவு எடுத்துக்கோங்க. மாசக் கடைசிக்கு வந்துட்டா போதும்."

அவள் போனை வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குழாயை நிறுத்தக்கூடத் தோன்றாமல் நின்றாள். ஆயிரம் பேர் சொல்லியும் கேட்காத கம்பெனி, அவள் அண்ணன் ஒருவனுக்கு மட்டும் சொன்னபடி நடந்திருந்தது.

நடந்தது இதுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்த இரண்டு அறை வீட்டை வாங்கும்போது அண்ணன் ஒரு பழைய வங்கியில் கடன் வாங்கினான். இருபது வருஷக் கடன். கூடவே இன்சூரன்ஸும் எடுத்திருந்தான். போன வருஷம் அவளுக்கு வேலையில் நேரம் சரியில்லை. மாதம் பன்னிரண்டு ஃபைல் சேர்க்கவேண்டும் என்பது கணக்கு. இரண்டு மாதம் தொடர்ந்து குறைந்துபோனது. மூன்றாவது மாதமும் குறைந்தால் சீட்டுக் கிழிந்துவிடும். அந்த மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது அவள் கையில் பதினொன்று இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் அண்ணன் வீட்டுக்கு வந்து, கால்குலேட்டரை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். அண்ணன் டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். கற்றுக்கொடுக்கிறவன் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அந்த வண்டியில் இருபது வருஷம். வீட்டில் யாராவது வேகமாகப் பேசினால்கூட மேஜைக்கடியில் அவன் வலது கால் தன்னால் அமுங்கும். அன்றும் அமுங்கியது.

"ஓடிட்டிருக்கிற வண்டிய எதுக்கு நடுரோட்டுல நிறுத்தி வேற வண்டிக்கு மாறணும்?" என்றான்.

"அரை சதவீதம் குறையுது அண்ணா. இன்னும் பன்னிரண்டு வருஷம் இருக்கு. கூட்டிப் பாரு." கூட்டிக் காட்டினாள். பொய்யில்லை, வட்டி குறையத்தான் செய்தது.

அண்ணன் கால்குலேட்டரைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி கொண்டா. எங்க எங்க போடணும், பென்சில்ல குறிச்சுக் குடு" என்றான்.

படிவத்தில் ஏழாவது பக்கத்தில் இன்சூரன்ஸ் கட்டம். வேண்டும், வேண்டாம். வேண்டும் என்று போட்டால் நாற்பத்தைந்து தாண்டியவனுக்கு ரத்தம் எடுத்து, நெஞ்சுக்குப் படம் பிடித்து, டாக்டர் அறிக்கை வரவேண்டும். ஐந்து நாள் ஆகும். அவளுக்கு இருந்தது மூன்று நாள். வேண்டாம் என்பதில் டிக் போட்டாள். அடுத்த மாதம் தனியாக எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். அதை அண்ணனிடம் சொல்லவுமில்லை. அடுத்த மாதம் வந்தது, அதற்கும் பன்னிரண்டு ஃபைல் தேவைப்பட்டது. இப்படியே பதினொரு மாதம் ஓடிவிட்டது.

பழைய கடன் முடிந்ததும் பழைய இன்சூரன்ஸும் முடிந்து, மீதிப் பணம் ஒரு சின்ன செக்காக வந்தது. "இது ஏதுடி?" என்று அண்ணன் கேட்டான். "பழைய பேங்க்ல திருப்பித் தர்றாங்க, விடு" என்றாள். அதில் அண்ணிக்குத் துணி துவைக்கும் மிஷின் வாங்கினான். வந்த அன்றைக்கு எல்லாரும் சுற்றி நின்று அது சுழல்வதை வேடிக்கை பார்த்தார்கள். அவளும்தான் நின்றாள், சிரித்துக்கொண்டு.

யாரோ குளியலறைக் கதவைத் தட்டினார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

கூடத்தில் அண்ணனுக்கு நீலச் சட்டை போட்டாகிவிட்டது. அவன் மகள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கூடியிருந்தது. நேற்று கடைசியாக அவனிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த பல் டாக்டர் வந்திருந்தாள், இருபத்தைந்து வயதுப் பெண். வந்த ஒவ்வொருவரும் கேட்க, அவளும் சொல்லிச் சொல்லிச் சோர்ந்து போயிருந்தாள். "'ஓரமா நிறுத்துங்க'ன்னாரு. நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சேன். நிறுத்தினேன். 'ஹேண்ட் பிரேக்'னாரு. போட்டேன். திரும்பிப் பாத்தா..."

"போறப்பவும் வண்டியப் பத்திரமா நிறுத்திட்டுத்தான் போயிருக்கான்" என்றார் மாமா. சொல்லும்போது அவருக்கும் குரல் உடைந்தது. மாமா வாய்தான் நீளமே தவிர, கெட்ட மனிதர் இல்லை. எள்ளு காய்கிற இடத்தில் தானும் போய்க் காய்வது அவர் சுபாவம்.

அப்போதுதான் டிரைவிங் ஸ்கூல் முதலாளி எழுந்து அண்ணியின் பக்கம் வந்தார். பருத்த ஆள். கையைப் பிசைந்தார், போனைப் பார்த்தார், மறுபடியும் கையைப் பிசைந்தார்.

"இன்னிக்கு இதப் பேசக்கூடாதும்மா. எனக்கே நல்லாயில்ல. ஆனா பேசாமப் போனா நாளைக்கு எனக்கு மனசு கேக்காது. ஆபீஸ்ல போன் எடுக்கிற சீட்டு இந்த வாரத்தோட காலியாகுது. யாருக்கு எந்த வண்டி, எந்த நேரம்னு எழுதி வெக்கிற வேலைதான். உங்களால முடியும். என் சம்சாரத்தோட தம்பி அவன் பொண்ணுக்குக் கேட்டு ரெண்டு நாளா நச்சரிக்கிறான். இன்னிக்குச் சாயங்காலம் பதில் சொல்றேன்னுட்டேன். நீங்க வர்றேன்னு ஒரு வார்த்தை சொன்னா, வேற ஆள் போட்டாச்சுன்னு அவன்கிட்ட சொல்லிருவேன்."

அண்ணி வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"உங்க நல்ல மனசுக்கு நன்றிங்க. ஆனா எதுக்கு? பதினஞ்சு வருஷமா வெளிய வேலைக்குப் போகாதவ. பொண்ணு வேற பெரிய பரிட்சை எழுதணும். வாடகையா, தவணையா, என்ன செலவு? வீடுதான் கடன் தீர்ந்து கைக்கு வரப்போகுதே. அவனுக்கு வர்ற பணத்த வெச்சு ரெண்டு வருஷம் ஓட்டிரலாம். அதுக்குள்ள பொண்ணு நிமிந்துருவா. என்ன வக்கீலம்மா, நான் சொல்றது சரிதானே?"

எல்லார் தலையும் அவள் பக்கம் திரும்பியது. பக்கத்து வீட்டம்மாள் அவள் முழங்கையைத் தடவிக்கொடுத்தாள். "இவ இல்லன்னா இந்தக் காலத்துல இதெல்லாம் யாருக்குப் புரியுது" என்றாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்குக் குறுகுறுக்கவில்லை, காது அடைத்தது. ஆமாம் என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஏதோ ஒரு மாதிரி அசைத்தாள். அது ஆமாம் என்றே எல்லாருக்கும் தெரிந்தது.

"அப்ப சரிங்க" என்றார் முதலாளி. அவருக்கும் ஒரு பாரம் இறங்கினாற்போல இருந்தது. "எடுக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பேன். மனசு மாறினா சொல்லுங்க." மறுபடியும் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த ஒரு மணி நேரம் அவள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். வருகிறவர்களின் செருப்பை ஒதுக்கி வைத்தாள், யாரும் கேட்காமலே நாற்காலிகளை நகர்த்திப் போட்டாள். இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாள். ஒன்றும் ஆகாது. ஒரு மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வரும். அதுவும் அவள் கைக்குத்தான் வரும். அவர்கள்தான் ஏதோ குளறுபடி பண்ணிவிட்டார்கள் என்று சொல்லலாம், எல்லாரும் நம்புவார்கள். மாமா இரண்டு பேருக்குப் போன் பண்ணிச் சண்டைகூடப் போடுவார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஆனால் அதற்குள் அந்தச் சீட்டில் முதலாளியின் மைத்துனன் மகள் உட்கார்ந்திருப்பாள். தவணை கட்ட ஆளிருக்காது. அண்ணியையும் பெண்ணையும் பெட்டி படுக்கையோடு வாசலில் நிறுத்துவது போன வருஷம் மூன்று நாள் பொறுக்காத தன் கைதான் என்பது அவளுக்கு வெயில் மாதிரித் தெளிவாகத் தெரிந்தது.

மணி மூன்று. நாலு மணிக்கு எடுக்கிறார்கள். முதலாளி எழுந்து நின்று, பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டே போனைக் காதில் வைக்கப் போனார்.

அவள் சமையலறைக்குப் போனாள். அண்ணி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தினாள்.

"அண்ணி. அந்தக் கடன் தீரல. தீராது. இன்சூரன்ஸ் இல்ல."

அண்ணி திரும்பவில்லை. கையில் இருந்த டம்ளரை முழுக்கக் கழுவிக் கவிழ்த்தாள்.

"கடன மாத்துனப்ப அது போச்சு. புதுசா எடுத்திருக்கணும். எடுக்க அஞ்சு நாள் ஆகும். எனக்கு மாசக் கடைசி. நான்தான் வேண்டாம்னு போட்டேன். அண்ணன்கிட்ட சொல்லல. அப்புறமும் சொல்லல." குரல் ஏறியது. "எனக்கு ஒரு ஃபைல் குறைஞ்சுது அண்ணி. அதுக்காகத்தான். வட்டி குறையுதுன்னு சொன்னதெல்லாம் அதுக்காகத்தான்."

"அது அவருக்குத் தெரியும்" என்றாள் அண்ணி.

அவளுக்குப் புரியவில்லை.

"உனக்கு ஃபைல் குறையுதுன்னு. உன் ஆபீஸ் பொண்ணு ஒருத்தி அப்ப அவர்கிட்ட ஓட்டக் கத்துக்கிட்டா இல்ல? இந்த மாசமும் குறைஞ்சா அக்காவ அனுப்பிருவாங்கன்னு வண்டியில சொல்லியிருக்கா. அதுக்கு மறுநாள்தான் நீ கால்குலேட்டரத் தூக்கிட்டு வந்த." அண்ணி கையைத் துடைத்துக்கொண்டாள். "நீ போனப்புறம் சொன்னாரு. 'கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு வட்டிக் கணக்கெல்லாம் சொல்றா பாவம். நாமளும் தெரியாத மாதிரியே குடுத்துருவோம்'னு. நான் வேண்டாம்னேன். எதுக்கு வம்புன்னேன். தங்கச்சி எனக்குக் கெடுதல் பண்ண மாட்டான்னாரு."

அவள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள். பதினொரு மாதமாகத் தான் அண்ணனை ஏமாற்றிவிட்டதாக நினைத்திருந்தாள். அந்த நினைப்பைத் தாங்கி நடக்க எப்படியோ பழகியிருந்தாள். இது வேறு. இதை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"இன்சூரன்ஸ் போகும்னு..."

"அது தெரியாது அவருக்கு."

"தெரிஞ்சிருந்தா அண்ணன்..."

"அத என்கிட்ட கேக்காத" என்றாள் அண்ணி. முதல் தடவையாக அவள் உதடு நடுங்கியது. உடனே கடித்து நிறுத்திக்கொண்டாள். "வேலை நிலைச்சுதா உனக்கு?"

"நிலைச்சுது."

அண்ணி தலையாட்டினாள். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக வெளியே நிற்கும் வேனைப் பார்த்தாள். பேசியபோது, ஆபீஸில் அவள் எதிரே வந்து உட்காரும் எத்தனையோ பெண்களில் ஒருத்தி போல ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"தவணை கட்டலன்னா எத்தன மாசம் பொறுப்பாங்க?"

"மூணு மாசம். அப்புறம் நோட்டீஸ் வரும்."

"பழையபடி இன்சூரன்ஸ் கேட்டு எழுத முடியுமா?"

"முடியாது அண்ணி."

"அந்த போன் சீட்டுச் சம்பளம் தவணைக்குப் பத்துமா?"

"பத்தும். மேல கொஞ்சம் மிஞ்சும்."

"சாப்பாட்டுக்கு மிஞ்சுமா?"

"நான் தர்றேன் அண்ணி. மாசா மாசம் என் சம்பளத்துல..."

"அதெல்லாம் அப்புறம்." அண்ணி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "இப்ப போய் அந்த முதலாளிகிட்ட நான் வர்றேன்னு சொல்லு. மாமா ஏன்னு கேப்பாரு. ஏன்னும் சொல்லு. எல்லார் முன்னாடியும் நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன். இன்னிக்கு எனக்கு வேற வேலை இருக்கு."

கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

சமையலறையிலிருந்து கூடத்துக்குப் பத்தடிகூட இல்லை. முதலாளி போனைக் காதில் வைத்து, "ஆமா, அந்தப் பொண்ணையே..." என்று தொடங்கியிருந்தார். அவள் போய் அவர் கையைப் பிடித்தாள். அந்நிய ஆம்பளை கையைப் பிடிக்கிறோம் என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

"வேண்டாங்க. அண்ணி வர்றாங்களாம். சொல்லச் சொன்னாங்க."

"அட, அதான் வேண்டாம்னு பேசியாச்சே" என்றார் மாமா. "இப்ப என்ன திடீர்னு?"

அவள் மாமாவைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் அண்ணன் படுத்திருந்தான். சட்டைக் கையில் மடிப்பே இல்லை.

"கடன் தீரல மாமா. இன்சூரன்ஸ் இல்ல. வேண்டாம்னு டிக் போட்டது நான்."

"யாரு?"

"நான்தான். மாசக் கடைசியில எனக்கு ஒரு ஃபைல் குறைஞ்சுது. அண்ணன் கடன மாத்தி அத நிரப்பிக்கிட்டேன். டெஸ்ட் எடுத்தா நாளாகும்னு இன்சூரன்ஸ விட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லல." மூச்சு வாங்கியது. "இனிமே மாசா மாசம் தவணை கட்டணும். இன்னும் பதினோரு வருஷம்."

மாமாவுக்குப் பேச்சு வராத நேரத்தை அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட வேண்டுமென்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும், ஆனால் எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. "அடிப்பாவி" என்றார் கடைசியில், மெதுவாக, திட்டுவது போலக்கூட இல்லை. சற்று முன்பு அவள் முழங்கையைத் தடவிய பக்கத்து வீட்டம்மாள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தாள். அண்ணனின் மகள் தலையை நிமிர்த்தி அத்தையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதலாளி போனில், "இல்லப்பா, ஆள் போட்டாச்சு" என்று சொல்லி வைத்தார். குரலைத் தாழ்த்தி அவளிடம், "திங்கக்கிழமை வேண்டாம். ஒரு வாரம் கழிச்சு வரட்டும். காலையில ஒன்பது மணி. அவங்ககிட்ட சொல்லிருங்க" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். முன்னால் போன வண்டியில் அண்ணனும் ஆண்கள் நாலைந்து பேரும். பின்னால் ஒரு வேன். அவள் வீட்டைப் பூட்டி, சாவியை மறுபடி ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியாக ஏறினாள். உள்ளே எல்லா சீட்டும் நிரம்பியிருந்தது. நடுவரிசையில் ஜன்னலோரம் மகள், அவளுக்கு இந்தப் பக்கம் அண்ணி, அண்ணிக்கு இந்தப் பக்கம் ஓர் இடம். அந்த இடத்தில் அண்ணியின் கைப்பை இருந்தது.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேன் கிளம்பியது. தெரு முனையில் வேகத்தடை மேல் ஏறி இறங்கியபோது அவள் தடுமாறி, இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டாள். கடைத்தெருவைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்த பிறகு, அண்ணி முன்பக்கக் கண்ணாடியையே பார்த்தபடி, அந்தப் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் உட்காரவில்லை. வழியெல்லாம் அந்த இடம் காலியாகவே வந்தது.